'ஹெட்லெஸ்' என்பதற்குத் தமிழ்: தலையிலியா, முகப்பிலியா?

கலைச்சொல் குழுவினருக்குக் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

இணையத்தளத்தின் எழுத்தையும் படங்களையும் எழுதித் திருத்திச் சேமித்துவைக்கும் மென்பொருள்தான் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. பக்கங்களைத் தானே காட்டாமல் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துக்கொடுக்கும் வகையை ஆங்கிலத்தில் 'ஹெட்லெஸ்' என்பார்கள். அதைத் 'தலையற்ற' என்று எழுதலாம் எனப் போன வாரம் ஒரு பரிந்துரை வந்தது. அதை வீட்டில் சத்தமாகப் படித்தேன். "தலையில்லாவிட்டால் முண்டம் என்றல்லவா சொல்வார்கள், அதை ஏன் வீட்டுக்குள் கொண்டுவருகிறாய்?" என்று கேட்டார் ஆத்தா. அவருக்கு ஜாவா என்ற நிரல்மொழியும் தெரியாது, அதில் செயலி கட்ட உதவும் ஸ்பிரிங் சட்டகமும் தெரியாது. ஆனால் வாயில் வைக்க முடியாத சொல் எது என்று தெரியும்.

அமங்கலம் என்பதற்காக மட்டும் நான் மறுக்கவில்லை. பொருளே பிசகுகிறது.

பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றியவர்களுக்கு இணையத்தளம் செய்துகொடுத்தேன். அறை முன்பதிவு, கட்டணம் எல்லாம் ஸ்பிரிங் சட்டகத்தில். வீட்டின் வரலாறு, படங்கள், சமையல் குறிப்பு எல்லாம் உள்ளடக்க மேலாண்மை அமைப்பில். முதலில் இரண்டையும் ஒரே செயலியாகக் கட்டி ஒரே வழங்கியில் (சர்வரில்) ஓட்டினோம். ஜாவா உலகில் இது பழகிய வழிதான். உள்ளடக்கத்தைக் கணுக்களும் பண்புகளும் கொண்ட மரமாக வைத்துக்கொள்ள 2005-இல் ஜேஎஸ்ஆர் 170 என்ற ஜாவாத் தரம் வந்தது. அப்பாச்சி ஜாக்ரேபிட் என்ற மென்பொருள் அதைச் செயல்படுத்திக் காட்டியது. அதன்மேல் எழுந்த மேக்னோலியா என்ற மேலாண்மை அமைப்பில் பிளாசம் என்றொரு கூறு உண்டு. ஸ்பிரிங்கில் எழுதிய கட்டுப்படுத்தியையே (கோரிக்கைக்குப் பதில் தரும் நிரல்பகுதி) பக்கத்தின் ஓர் உறுப்பாக அது மாற்றிவிடும். பதிப்பாசிரியர் ஒரு படத்தைப் பக்கத்தில் வைப்பதுபோல முன்பதிவுப் படிவத்தையும் எடுத்து வைக்கலாம். அழகான ஏற்பாடு.

ஆனால் ஒரே கூரைக்குள் இருந்தால் இரண்டு பேரும் ஒரே நிரல் நூலகங்களைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2022 நவம்பரில் ஸ்பிரிங் 6 வந்தது. குறைந்தது ஜாவா 17 வேண்டும் என்றது. அதைவிடப் பெரிய இடி, 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய தொகுப்புப் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறியது. நான் கையாண்ட மேலாண்மை அமைப்பு (மேலே சொன்னதன்று, பெயர் வேண்டாம்) அப்போது பழைய பெயரிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒருவர் ஒரு பெயரைத் தேட, மற்றவர் இன்னொரு பெயரில் நிற்க, செயலி எழுந்திருக்கவே மறுத்தது. பத்து நாள் போராடிவிட்டுத் தனிக்குடித்தனம் வைத்தேன். இப்போது மேலாண்மை அமைப்பு உள்ளடக்கத்தை ஜேசன் என்ற தரவு வடிவில் கொடுப்பதோடு சரி. ஸ்பிரிங் அதைக் கேட்டு வாங்கி, தைம்லீஃப் என்ற பக்க வார்ப்புருவில் ஊற்றிப் பக்கமாக்குகிறது. உலகம் 'ஹெட்லெஸ்' என்று சொல்வது இதைத்தான்.

இதில் நீங்கியது எது? யார் எழுதலாம் என்ற அனுமதி, பழைய பதிப்புகள், வெளியிடுவதற்கு முன் ஒப்புதல் வாங்கும் முறை எல்லாம் அங்கேயே இருக்கின்றன. தலை வேலை முழுவதும் தலையில்தான் நடக்கிறது. வருகிறவர்களுக்குக் காட்டும் முகம்தான் வேறிடம் போய்விட்டது.

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: முகப்பு. தெருவிலிருந்து ஏறினால் தூண்களும் திண்ணையும் உள்ள முன்பகுதி. வந்தவரை வரவேற்பதும், கணக்கு வழக்குப் பேசுவதும் அங்கேதான். அதைத் தாண்டினால் வளவு, பிறகு இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. வீட்டின் வாழ்க்கை உள்ளே நடக்கும். பார்வையாளருக்குத் தெரிவது முகப்பு. எனவே 'முகப்பிலி' என்கிறேன். முடிவிலி, கம்பியிலி என்று 'இலி' ஏற்கெனவே கலைச்சொல்லில் காலூன்றிவிட்டது. கம்பியிலி இணைப்பு என்பதைப் போல 'முகப்பிலி உள்ளடக்க மேலாண்மை அமைப்பு'. நீளம்தான். நீளத்துக்குக் காரணம் என் சொல் அன்று, அதற்குப் பின்னால் வரும் மூன்று சொற்கள்.

---

தேவகோட்டையிலிருந்து:

தம்பிக்கு வணக்கம். சொல் வாய்க்கு நன்றாக இருக்கிறது. ஆனால் முகப்பு என்றதும் எனக்குத் தாலிச் சங்கிலியின் முகப்புதான் கண்முன் வந்தது. பெண்கள் பாதிப்பேருக்கு அப்படித்தான் வரும். அது போகட்டும். இணையத்தில் 'முகப்பு' என்று எல்லாரும் முதல் பக்கத்தைத்தானே சொல்கிறோம்? 'முகப்பிலி' என்றால் முதல் பக்கம் இல்லாத தளம் என்று மாணவர்கள் எழுதிவைப்பார்கள்.

இன்னொன்று. பதிப்பாசிரியர் உட்கார்ந்து எழுதுவதற்கு அந்த அமைப்பில் திரை இருக்கிறதே. பட்டியலும் பொத்தான்களும் இருக்கும்போது முகப்பே இல்லை என்று எப்படிச் சொல்வது? 'காட்சி சாரா' (காட்சியைச் சாராத) என்று வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

---

காரைக்குடியிலிருந்து மீண்டும்:

ஆச்சி, சங்கிலி முகப்பு எனக்குத்தான் சாதகம். முகப்பை மாற்றிக் கோத்தாலும் சங்கிலி அதே சங்கிலிதானே! இன்றைக்குத் தைம்லீஃப் பக்கம், நாளைக்குக் கைப்பேசிச் செயலி, உள்ளடக்கம் ஒன்றே.

பதிப்பாசிரியரின் திரை பற்றிச் சொன்னது சரியான கேள்வி. அதற்கும் பதில் நம் வீட்டிலேயே இருக்கிறது. பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்வாசல் வழியாக வேலைக்காரர்களும் விறகும் அரிசியும் வரும். அதை யாரும் முகப்பு என்று சொல்வதில்லை. பதிப்பாசிரியர் அந்த வாசலில் வருகிறவர்.

'காட்சி சாரா' வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரித்துவைத்த பிறகு எங்களுக்கு மிகவும் வலித்த இடம் முன்னோட்டம். முன்பெல்லாம் எழுதுகிறவர் பக்கத்தை அப்படியே பார்த்துக்கொண்டு திருத்துவார். இப்போது எழுதியது எப்படித் தெரியும் என்பது அவருக்கே தெரியாது. வெளியிடாத வரைவையும் ஸ்பிரிங் கேட்டு வாங்கிக் காட்டுவதற்குத் தனி வழி செய்துதர வேண்டியிருந்தது. விடுதிக்காரர் தொலைபேசியில் "படம் எங்கே போய் நிற்கிறது என்று தெரியவில்லையே" என்று கேட்டபோது, "இங்கே முகப்பு இல்லை, அது அந்தப் பக்கம் இருக்கிறது" என்றேன். உடனே புரிந்துகொண்டார். காட்சி சாரா என்று சொல்லியிருந்தால் எனக்கே புரிந்திருக்காது.

முதல் பக்கக் குழப்பத்தை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மறுமொழி இல்லை. இரண்டும் ஒரே கட்டுரையில் வரும்போது ஹோம் பேஜை 'முதற்பக்கம்' என்று எழுதிச் சமாளிக்கலாம். எதிர்ச்சொல் கேட்பவர்களுக்கு: 'முகப்புள்ள' போதும். எல்லாவற்றுக்கும் ஒரு சொல் செய்ய வேண்டியதில்லை.

புதன்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் 'முகப்பிலி' என்று ஏற்றிவிடுகிறேன். 'காட்சி சாரா' மாற்றுச் சொல்லாகப் பக்கத்தில் இருக்கட்டும். 'தலையற்ற' என்பதை மட்டும் சேர்க்கப்போவதில்லை, ஆத்தா கேட்பார்.