கொட்டைமுத்து (ஆமணக்கு விதை) எண்ணெய் எப்போது காய்ச்சலாம்?

குழு: உத்தப்பநாயக்கனூர் வீட்டு உறவுகள்

பெரியத்தை: மீனா அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையோடு நம் வீட்டுக்கு வருகிறாள். கடை விளக்கெண்ணெய் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பாண்டி, வரப்பில் பறித்த கொட்டைமுத்து எவ்வளவு இருக்கு?

பாண்டி: ஒரு சாக்கு அத்தை. நன்றாகக் காய்ந்துவிட்டது. பாதி தோடு உடைத்தாச்சு.

பெரியத்தை: உரல்?

பாண்டி: அது இங்கே இல்லை

மேலூர் அத்தை: உரல் என்னிடம்தான் இருக்கு அக்கா. பழைய வீட்டை இடித்தபோது யாருமே வேண்டும் என்று சொல்லவில்லை. ரோட்டோரம் கிடந்தது.

பெரியத்தை: நான் கேட்டது எல்லாருக்கும் தெரியும்.

கார்த்தி: அம்மா அதில் துளசி வைத்திருக்காங்க பெரியம்மா 😄

மேலூர் அத்தை: நீ வேலையைப் பார்

பாண்டி: மிக்ஸியில் அரைத்தால் ஆகாதா

பெரியத்தை: அப்புறம் அந்த மிக்ஸியில் சட்னி அரைப்பாயா?

சித்தப்பா: பாண்டி, நிதானமாகப் படி. ஆமணக்கு விதையில் எடைக்குப் பாதி அளவு எண்ணெய் இருக்கும். செக்கில் ஆட்டலாம், வீட்டில் காய்ச்சியும் எடுக்கலாம். காய்ச்சினால் கொஞ்சம் சக்கையிலேயே தங்கிவிடும். இந்த எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் ரிசினோலிக் அமிலம். அதனால்தான் இவ்வளவு பிசுபிசுப்பு. உலகத்திலேயே இந்தியாவில்தான் ஆமணக்கு அதிகம், அதிலும் பெரும்பங்கு குஜராத். நம் பக்கம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது அங்கே பயிற்சிக்குப் போயிருக்கிறேன். வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியோடு இதைக் குழைத்துத்தான் அப்பா மை போடுவார். இன்றைக்கு நைலான், சோப்பு, பெயிண்ட், மசகு எண்ணெய் எல்லாவற்றுக்கும் போகிறது.

கார்த்தி: 👍

உமா: 👍

பெரியத்தை: தம்பி, எனக்கு வேண்டியது ஒரு பாட்டில் எண்ணெய்.

மேலூர் அத்தை: அக்கா, எப்படிக் காய்ச்சுவது என்று குழுவில் போட்டு வையுங்கள். அம்மாவோடு போய்விடக் கூடாது.

பெரியத்தை: தோடு நீக்கின முத்தை வாணலியில் லேசாக வறுக்கணும். கருகினால் எண்ணெய் கறுத்துவிடும். சூடு ஆறுவதற்குள் இடிக்கணும். மாவு உலக்கையில் அப்பிக்கொள்ளும், அந்தப் பதம் வரணும். பானையில் மாவு மூழ்கி நாலு விரல் நிற்கிற மாதிரி தண்ணீர், சிறு தீ. கிண்டிக்கொண்டே இருந்தால் நுரைத்து அடங்கி எண்ணெய் மேலே கட்டும். அகப்பையால் வழித்து வேறு சட்டியில் ஊற்றி மறுபடி காய்ச்சணும். சடசடவென்று சத்தம் வரும். சத்தம் நின்றால் தண்ணீர் போய்விட்டது, இறக்கிவிடலாம். தண்ணீர் தங்கினால் சிக்கு வாடை வந்துவிடும். வாசலில் வைத்துத்தான் செய்யணும், வீட்டுக்குள் புகை தாங்காது.

மேலூர் அத்தை: 🙏 அம்மா கண்முன்னாடி நிற்கிறார்கள்

பாண்டி: அத்தை, அந்தச் சக்கையை நான் எடுத்துக்கொள்கிறேன். எள்ளுப் புண்ணாக்கு விலைக்கு மாடு வைத்திருக்க முடியவில்லை. செவலைக்கு வைக்கலாம்தானே?

உமா: வேண்டாம் அண்ணா!!

சித்தப்பா: வைக்காதே பாண்டி. போன் எடு.

சித்தப்பா: எடுக்க மாட்டேன் என்கிறான். இங்கேயே எழுதுகிறேன், எல்லாரும் படியுங்கள். ஆமணக்கு விதையில் ரிசின் என்று கடுமையான விஷம் இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது, சக்கையிலேயே நின்றுவிடும். கொதிக்க வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் உன் பானையில் எவ்வளவு அடங்கியது என்று யார் பார்ப்பது? மாடு தின்றால் கழிச்சல், இரத்தக் கழிச்சல், உயிருக்கே ஆபத்து. தென்னைக்குப் போடு. தழைச்சத்து 4 சதவீதத்துக்கு மேல் இருக்கு, நல்ல உரம். போட்டால் மண்ணில் கொத்தி மூடிவிடு, ஆடு, நாய் வாய் வைக்கக் கூடாது.

பாண்டி: தண்ணி பாய்ச்சிக்கொண்டு இருந்தேன். சரி சித்தப்பா. வைக்கவில்லை. தோடு தொட்டிப் பக்கம் கிடக்கு, இப்போதே அள்ளுகிறேன்.

உமா: முத்தையும் திண்ணையில் காயப்போடாதே அண்ணா. வரி வரியாகப் பளபளவென்று இருக்கும், பிள்ளைகள் வாயில் போட்டு மென்றுவிட்டால் பெரிய ஆபத்து. சாக்கைக் கட்டிப் பரணில் போடு.

பெரியத்தை: நாங்களெல்லாம் அதை வைத்துப் பல்லாங்குழி ஆடினவர்கள்தான்.

உமா: அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்னொன்றும் சொல்கிறேன். மீனா பிள்ளைக்கு மூக்கிலோ காதிலோ கண்ணிலோ எண்ணெய் விட வேண்டாம். வாயிலும் ஒரு சொட்டுகூட வேண்டாம். மூக்கில் விட்டால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன்.

பெரியத்தை: உன்னையும் உன் அண்ணனையும் காலில் போட்டு எண்ணெய் விட்டு ஊதிக் குளிப்பாட்டினது யார்?

உமா: நீங்கள்தான் அத்தை. அதனால்தான் உரிமையாகச் சொல்கிறேன்.

கார்த்தி: அப்போ இந்த எண்ணெய் எதற்கு?

உமா: மீனாவின் குதிகால் வெடிப்புக்கு, தலைக்கு. துவரம் பருப்பில் தடவி வெயிலில் காயவைத்தால் வண்டு வராது. விளக்குக்கு.

சித்தப்பா: மஞ்சள் அட்டையில் தடவித் தோட்டத்தில் கட்டினால் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ளும். பாண்டி, உன் கத்தரிக்கு.

உமா: அப்புறம் சித்ராவுக்கு ஏழு மாசம். பேதிக்கு என்று யாரும் கொடுத்துவிடாதீர்கள். கர்ப்பப்பை சுருங்கி வலி வந்துவிடும்.

மேலூர் அத்தை: சித்ராவுக்கு வளைகாப்பு எப்போது? எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே.

சித்தப்பா: இன்னும் நாள் பார்க்கவில்லை. பார்த்ததும் நேரில் வந்து சொல்வோம்.

மேலூர் அத்தை: போன தடவையும் இதையேதான் சொன்னீர்கள் அண்ணா

பெரியத்தை: அதை அப்புறம் பேசுங்கள். உமா, வயிற்றில் தடவலாமா?

உமா: பிள்ளைக்கு வேண்டாம் அத்தை, டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன்.

பெரியத்தை: சரி. கேள்.

கார்த்தி: திருப்பூரிலிருந்து சனிக்கிழமை கார் எடுத்து வருகிறேன் பெரியம்மா. மேலூர் போய் உரலை ஏற்றிவிடுகிறேன்.

மேலூர் அத்தை: துளசியை என்ன செய்வது?

பெரியத்தை: சனிக்கிழமை எண்ணெய் வேலை வேண்டாம். ஞாயிறு வா.

கார்த்தி: ஞாயிறு இரவே திரும்பணும் பெரியம்மா

பாண்டி: ஞாயிறு எனக்குக் கருமாத்தூரில் ஒரு காதுகுத்து

பெரியத்தை: மொய் வைத்துவிட்டு மதியம் வந்துவிடு. விறகு பிளக்க ஆள் வேண்டும்.