இக்ஸி செய்தும் ஒரு முட்டைகூடக் கருவுறவில்லை

எனக்கு 33 வயது, கணவருக்கு 36. ஊர் மதுரை. போன வருடம் ஐவிஎஃப்பில் எடுத்த 9 முட்டையும் வீணாயின. சரி, விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்தினால் சேர்ந்துவிடும் என்று நம்பி இந்த மார்ச்சில் இக்ஸி செய்தோம். முதிர்ந்த முட்டை 8. 17 மணி நேரம் கழித்துப் பார்த்தால், கருவுற்றதற்கு அடையாளமாக இரண்டு உட்கரு தெரிய வேண்டிய இடத்தில் எதிலும் ஒன்றுமில்லை. எட்டு வரியிலும் பூஜ்யம் போட்ட அந்த அறிக்கையை இன்னும் கைப்பையில்தான் வைத்திருக்கிறேன்.

விந்தணு எண்ணிக்கை, அசைவு, இருவரின் குரோமோசோம் எல்லாம் நார்மல். விந்தணுவின் பிஎல்சி ஜீட்டா என்ற புரதம்தான் முட்டைக்குள் கால்சிய அலைகளை எழுப்பி அதை விழிக்க வைக்குமாம். அது குறைந்திருக்கலாம் என்கிறார் மருத்துவர். அடுத்த முறை, முட்டைக்குள் கால்சியத்தைக் கூட்டும் கால்சியம் அயனோஃபோர் என்ற பொருளைச் சேர்க்கச் சொல்கிறார்.

இதே நிலையில் அயனோஃபோர் சேர்த்துச் செய்தவர்களுக்கு எத்தனை முட்டைகள் கருவுற்றன?