அட்டைக் காலத்து நூலகம்: அந்தப் பூட்டு யாருக்காக?

வெயில்வாசகன்:
கணினி வருவதற்கு முன் நூலகர்கள் எந்தப் புத்தகம் எங்கே என்று மனப்பாடமாக வைத்திருந்தார்களாம், ஆளாளுக்கு உருகுகிறீர்கள். எண்பதுகளில் நான் போன கிளை நூலகத்தில் பாதி பீரோவுக்குப் பூட்டு. கண்ணாடி வழியாகத் தலைப்பைப் படித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கூட்டமெல்லாம் நாளிதழ் மேசையில்.

ஓய்வுநூலகி:
சாவி வைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி தம்பி. இருப்புச் சரிபார்க்க வரும்போது பதிவேட்டில் இருக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் புத்தகத்தைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் விலையை என்னிடம்தான் பிடிப்பார்கள். இரவல் கொடுக்கும்போது புத்தகத்தின் அட்டையையும் உறுப்பினர் அட்டையையும் சேர்த்து, திருப்ப வேண்டிய தேதி வாரியாகத் தட்டில் வைப்போம். சாயந்திரம் கூட்டம் நெருக்கும்போது ஒற்றை ஆள் நான். வந்த புத்தகத்தின் தேதிச் சீட்டைப் பார்த்து, தட்டில் அந்தத் தேதிக்குப் பின்னால் புத்தக அட்டையைத் தேடி எடுத்து, புத்தகத்தில் செருகி, உறுப்பினர் அட்டையை அவரிடம் திருப்பித் தர வேண்டும். இதற்கு நடுவே அலமாரிப் பக்கம் யார் பார்ப்பது?

வெயில்வாசகன்:
அம்மா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் அப்பா கட்டினார். அவர் காசில் வாங்கிய புத்தகத்தை அவர் பிள்ளை தொடக் கூடாதா? நூல்கள் பயன்பாட்டுக்கே என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931லேயே நூலகவியலின் முதல் விதியாக எழுதிவிட்டார். அவர் படத்தைச் சுவரில் மாட்டி, கீழே பூட்டும் போட்டார்கள்!

கல்லூரிநூலகன்:
இரண்டு பேரும் அட்டையையும் பூட்டையும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள். பூட்டு வந்தது இருப்புத் தணிக்கை பயத்தால். மத்திய அரசு 2005இல் போட்ட பொது நிதி விதிகள், அதாவது அரசுப் பணத்துக்கும் பொருளுக்கும் கணக்கு வைக்கும் விதிகள், சொன்னதைப் பாருங்கள்: ஓராண்டில் வாசகர் கைக்குப் போகும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைவது இயல்பு, நேர்மைக்கேடோ அசட்டையோ காரணமாக இருக்கக் கூடாது. விலை ஆயிரம் ரூபாய்க்கு மேலென்றாலோ அரிய நூலென்றாலோ கட்டாயம் விசாரணை. இப்படி ஒரு விதி அன்றைக்கு அம்மாவின் மேசையில் இருந்திருந்தால் சாவி ஆணியிலேயே தொங்கியிருக்கும்.

ஓய்வுநூலகி:
அப்படிச் சொல்லுங்கள். இன்னொன்று. புத்தகம் திரும்பி வந்ததும் இரண்டு அட்டையும் பிரிந்துவிடும், யார் என்ன படித்தார் என்பதற்குத் தடயமே இருக்காது. கணினி எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும்.

வெயில்வாசகன்:
தடயம் இல்லாதது பெருமையா? ஒரு புத்தகம் வெளியே போயிருக்கிறதா, தொலைந்ததா என்று கேட்டால் தட்டு முழுக்கத் துழாவணும். பெரும்பாலும் "அடுத்த வாரம் வா" என்பதுதான் பதில்.

ஓய்வுநூலகி:
ஆமாம், துழாவத்தான் வேண்டும். ஒரு தேதிக்குள் அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி வைத்திருந்தால் சீக்கிரம் கிடைக்கும். அடுக்கத்தான் ஆள் இல்லை.

வெயில்வாசகன்:
அப்போ ஆள் கேட்டுச் சண்டை போட்டிருக்கணும் அம்மா, பூட்டு வாங்கியிருக்கக் கூடாது.