தாது வருஷப் பஞ்சம்: இணையத்தில் நம்பகமான ஆதாரங்களை எங்கே தேடுவது?

வைகைக்கரை:
வணக்கம். எம்.ஏ. வரலாறு படிக்கிறேன், 1876–78 தாது வருஷப் பஞ்சம்தான் என் ப்ராஜெக்ட். செத்தவர்கள் எண்ணிக்கையைத் தேடினால் ஒரு தளத்தில் 52 லட்சம், இன்னொன்றில் 82 லட்சம், வேறொன்றில் ஒரு கோடிக்கு மேல். எங்கிருந்து எடுத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை, பல தளங்களில் வரிகூட மாறாமல் இருக்கிறது. சாட்ஜிபிடி ஒரு கட்டுரைப் பட்டியல் கொடுத்தது, அதில் பாதி எங்குமே கிடைக்கவில்லை. தனியார் கல்லூரி என்பதால் ஆய்விதழ்களைப் படிக்க உதவும் ஜேஸ்டோர் தளத்தின் சந்தாவும் இல்லை. எதை நம்புவது?

சுவடிக்கூடம்:
முதலில் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பும் பக்க எண்ணும் போட்டுக் கொடுப்பது அதற்குச் சர்வசாதாரணம். எந்தத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் வைத்து கூகுள் ஸ்காலரில் தேடிப் பாருங்கள், டிஓஐ எண் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) இருந்தால் அது உண்மையிலேயே அந்தக் கட்டுரையைத்தான் திறக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணிக்கை விஷயம்தான் முக்கியம். 1880ல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கை சொல்வது 52.5 லட்சம், ஆனால் அது பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த மாகாணங்கள் முழுவதற்கும், 1877, 1878 ஆகிய ஆண்டுகளுக்கு, வழக்கமான சாவுகளுக்கு மேல் நடந்தவை. ஹைதராபாத் மாதிரி சமஸ்தானங்கள் அதில் வராது. ஒரு கோடியே மூன்று லட்சம் என்பது அக்காலப் பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி போட்ட கணக்கு, 82 லட்சம் ஆய்வாளர் அருப் மகாரத்னா பிற்பாடு போட்டது. மூன்றுக்கும் ஆள் இருக்கிறது. எந்த நிலப்பரப்பு, எந்த ஆண்டு, எந்த அடிப்படை என்று சேர்த்து எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் எடுத்துப் போட்டால்தான் தப்பு. சென்னை மாகாணத்தைப் பற்றி எழுதும்போது 52 லட்சத்தை அப்படியே போட்டுவிடாதீர்கள்.

கரிசல்மண்:
டிக்பியின் 1878ஆம் வருஷப் புத்தகம், இரண்டு தொகுதிகள், இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகவே இருக்கிறது, நேரே அதைப் படியுங்கள். ஆனால் அவர் மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர், நிவாரணக் குழுவின் செயலாளரும்கூட, அவருக்கு ஒரு பக்கம் இருந்தது. இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையாட்களின் தானியத்தை நாளுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தபோது மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். இந்தச் சண்டையை டிக்பியிடமும் படியுங்கள், அரசு அறிக்கையிலும் படியுங்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. அரசுக் கோப்புகளுக்கு தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம். பஞ்சத்தைப் பற்றிய பாட்டுகளான பஞ்சக் கும்மிகளையும் விட்டுவிடாதீர்கள், தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் தேடுங்கள், ரோஜா முத்தையா நூலகத்திலும் கேளுங்கள்.

மேசைவிளக்கு:
ஆய்விதழ்களைப் படிக்கத் தரும் மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது, ஆனால் அது அரசு நிறுவனங்களுக்குத்தான். உங்களுக்கு வழி வேறு: ஜேஸ்டோரில் சொந்தமாக இலவசக் கணக்கு தொடங்கினால் 30 நாளில் 100 கட்டுரை ஆன்லைனில் படிக்கலாம். அன்பேவால் நீட்சியை பிரௌசரில் போட்டுக்கொள்ளுங்கள், சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதியை அதுவே காட்டும். அதற்கும் சிக்காவிட்டால் ஆசிரியருக்கே மெயில் போடுங்கள், பெரும்பாலும் அனுப்புவார்கள். அப்புறம் சோத்கங்கா தளத்தில் ஏராளமான முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன.

சுவடிக்கூடம்:
சோத்கங்காவில் கவனம் தேவை. அருமையான ஆய்வேடும் உண்டு, வெட்டி ஒட்டியதும் உண்டு. நான் அங்கே போனால் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கங்களில் இருக்கும் நூல் பட்டியலைத்தான். மூல ஆவணங்களைத் தொட்டிருக்கிறாரா என்று அதிலேயே தெரிந்துவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) பட்டியலில் இருந்த இதழ் என்பதற்காகவும் நம்ப வேண்டாம், 2018ல் யூஜிசியே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. டிக்பி முதல் தொகுதி இறக்கிவிட்டேன். கமிஷன் அறிக்கையில் சென்னை மாகாணத்துக்குத் தனிக் கணக்கு எந்தப் பகுதியில் வருகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.