பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி: போடலாமா, காசை மிச்சம் பிடிக்கலாமா?

ஆணிக்கடைக்காரன்:
எங்கள் இரும்புக்கடையில் பில் போடுவது ஒரு 2014 லேப்டாப்பில். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் பண்ணிவிட்டு ஷட்டரைத் தூக்கி, வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து முடித்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கப்புறம் டேலி கணக்கு மென்பொருள் திறக்க இன்னொரு யுகம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டால் போதும் என்கிறான் சர்வீஸ் தம்பி. அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்கிறார் மச்சான். யார் சொல்வதைக் கேட்பது?

திருப்புளி:
தம்பி சொல்வதைக் கேளுங்கள் அண்ணே. முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும், சிபியு பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான்.

நிதானம்:
இந்த ஆலோசனையை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை முடித்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். நான்காம் தலைமுறைக்கு அந்த வழி அடைப்பு. பேட்டரியும் இந்நேரம் செத்திருக்கும், கீல் ஆடிக்கொண்டிருக்கும். இதற்கு மேல் காசு போடுவது வீண் செலவு. இதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எட்டாம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் லேப்டாப் எஸ்எஸ்டியோடே கிடைக்கும்.

திருப்புளி:
'இன்னும் கொஞ்சம்' என்பது எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள் சார். எஸ்எஸ்டி விலையைப் போல மூன்று நான்கு மடங்கு வரும். கடையில் ஓடுவது ஒரு டேலி, ஒரு பிரிண்டர். அதற்கு எதற்கு எட்டாம் தலைமுறை?

வேகப்பிரியன்:
ஹார்ட் டிஸ்க் இடத்திலேயே மாட்டும் சாட்டா எஸ்எஸ்டி எல்லாம் பழைய கதை பாஸ். நொடிக்கு 550 எம்பியைத் தாண்டாது. எம்.2 என்ற சின்ன ஸ்லாட்டில் மாட்டும் என்விஎம்இ வகை என்றால் 3500. அந்த லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட்டே இருக்காது, பிறகு எதற்கு வீணாக?

திருப்புளி:
இந்த 550, 3500 எல்லாம் பெரிய ஃபைல் ஒன்றை ஒரே மூச்சில் காப்பி பண்ணும்போது வரும் எண்கள். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் தேடி எடுக்கிறது. 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லி செகண்ட். தேடும் இடம், தட்டைப் படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஹெட் சரியான தடத்துக்கு நகர 12 மில்லி செகண்ட் போல ஆகும். கூட்டினால் ஒரு துண்டுக்கு 17, 18. நொடிக்கு 60 துண்டுகூட எடுக்க முடியாது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் ஒன்றுமே இல்லை, ஒரு துண்டுக்கு 0.1 மில்லி செகண்ட் அளவில் முடிந்துவிடும். பூட் ஆகும்போது தெரிகிற வித்தியாசம் அதுதான். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் பில் போடுகிறவருக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது.

நிதானம்:
கணக்கு சரி. நான் வேகத்தை மறுக்கவில்லை. 4 ஜிபி ரேமில் குரோமையும் டேலியையும் சேர்த்துத் திறந்தால் ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். எஸ்எஸ்டி போட்டால் அந்தத் தொல்லை வெளியே தெரியாது, ஆனால் இரவு பகலாக எழுதி எழுதியே எஸ்எஸ்டி தேயும். அப்புறம் இன்னொன்று. ஹார்ட் டிஸ்க் போகும் முன் 'டிக் டிக்' என்று முனகும், காப்பி எடுக்க அவகாசம் தரும். எஸ்எஸ்டி பல நேரம் ஒரு காலையில் லேப்டாப்பின் பயாஸ் செட்டிங் திரையில்கூடத் தெரியாமல் போய்விடும். அழித்த இடத்தைத் துடைத்துவிடும் டிரிம் என்ற வேலை எஸ்எஸ்டியில் ஓடிய பிறகு, அழித்த ஃபைலை மீட்கவும் முடியாது. கடைக் கணக்கு வைத்திருக்கிறவர் இதை யோசிக்க வேண்டாமா?

திருப்புளி:
தேய்மானப் பயம் பத்து வருடத்துக்கு முந்தையது. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டிபி, அதாவது 3 லட்சம் ஜிபி வரை எழுதலாம் என்று கம்பெனியே உத்தரவாதம் தருகிறது. தினம் 30 ஜிபி எழுதினாலும் 27 வருடம் வரும். அதற்குள் லேப்டாப் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும்.

டேலி அக்கா:
திடீரென்று போகும் என்பது உண்மைதான் தம்பி, அதைச் சும்மா தள்ளிவிடாதே. ஆனால் நிதானம் சார், முனகும் டிஸ்க்கை நம்பிப் பேக்கப் எடுக்காமல் இருந்த கடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மார்ச் மாதக் கடைசியில் ஓடி வருவார்கள். எந்த டிஸ்க்காக இருந்தாலும் கடை மூடும் முன் டேலி பேக்கப் ஒரு பென் டிரைவில், வாரம் ஒரு தடவை வீட்டில் இருக்கும் வேறொன்றில். அந்தப் பென் டிரைவை லேப்டாப்பிலேயே செருகி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.
ஆணிக்கடை அண்ணா, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஓட்டிப் பார்த்து என்ன நிறம் காட்டுகிறது என்று சொல்லுங்கள்.

ஆணிக்கடைக்காரன்:
மஞ்சள் காட்டுகிறது அக்கா. 'காஷன்', எச்சரிக்கை என்று போட்டிருக்கிறது. 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியிலும் மஞ்சள் புள்ளி.

டேலி அக்கா:
அப்படியானால் விவாதத்தை நிறுத்துங்கள். டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் விழ ஆரம்பித்துவிட்டன. படிக்க முடியாத இடத்தில் திரும்பத் திரும்ப முட்டிப் பார்ப்பதாலும் அந்த 100 சதவீதம் வரும். டேலி டேட்டா ஃபோல்டரை இப்போதே வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வேகப்பிரியன்:
பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுத்து க்ளோன் பண்ணிவிட்டால் வேலை முடிந்ததே?

திருப்புளி:
போய்க்கொண்டிருக்கும் டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படிக்க வைத்தால் பாதியில் மூச்சை விட்டுவிடும். முக்கியமான ஃபோல்டர்களை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுவதே நல்லது. இப்போதைய விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருந்தால் கீ பற்றிக் கவலை வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாறினாலும் நெட் கொடுத்ததும் தானாக வந்துவிடும். டேலி லைசென்ஸை மட்டும் பழைய டிஸ்க் இருக்கும்போதே டேலிக்குள் போய் சரண்டர் செய்து, அதாவது திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்புறம் கழற்றுங்கள்.

நிதானம்:
சரி, டிஸ்க்கையே மாற்றியாக வேண்டும் என்றால் மறுபடி ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, விலை. மெமரி சிப்பெல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போய் 2025 கடைசியிலிருந்து எஸ்எஸ்டி, ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. குருஷியல் என்ற பெயரில் நமக்கு விற்றுக்கொண்டிருந்த மைக்ரான், அந்தக் கடையையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் 1 டிபி எல்லாம் வேண்டாம், பில் போட 256 ஜிபி தாராளம். இரண்டு, '2 டிபி அடிமாட்டு விலையில்' என்று வருவதைத் தொடாதீர்கள். உள்ளே மெமரி கார்டை ஒட்டி அளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு உண்டு. மூன்று, விண்டோஸ் 10-க்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தாலும் தனிநபருக்கு 2026 அக்டோபர் 13 வரைதான். அதற்குமேல் அதே லேப்டாப்பில் நெட் பேங்கிங் வேண்டாம்.

வேகப்பிரியன்:
ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து, அந்தத் தடையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றிவிடலாமே.

நிதானம்:
ஏற்றலாம். அப்டேட் வருமா வராதா என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பு ஏற்காது. ஜிஎஸ்டி கடைசித் தேதியன்று அது படுத்துக்கொண்டால் நீங்கள் வந்து எடுத்துத் தருவீர்களா?

திருப்புளி:
இதில் நிதானம் சார் பக்கம்தான் நான். விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போடுங்கள் என்று சொல்லியிருப்பேன், ஆனால் டேலிக்கு விண்டோஸ் வேண்டும். எஸ்எஸ்டி மட்டும் வீண் போகாது. லேப்டாப் போனாலும் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப் டிரைவ் ஆகிவிடும்.

நிதானம்:
அந்த கேஸ் விலையையும் கணக்கில் சேருங்கள். புது லேப்டாப்கள் பெரும்பாலும் எம்.2 மட்டுமே வைத்து வருகின்றன, 2.5 இஞ்ச் டிரைவை உள்ளே மாட்ட இடமிருக்காது. என் கருத்து மாறவில்லை: இது ஒரு வருடத்து ஏற்பாடு.

ஆணிக்கடைக்காரன்:
டேட்டா காப்பி ஆகிவிட்டது, லைசென்ஸையும் சரண்டர் செய்துவிட்டேன். 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி வந்தேன். பழையதைவிட ஒல்லியாக இருக்கிறது, உள்ளே வைத்தால் ஆடுகிறது. ரேமும் 4 ஜிபி சேர்க்கலாமா?

திருப்புளி:
பழையது 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டி 7. பெட்டியில் கறுப்புப் பிளாஸ்டிக் சட்டம் இருந்தால் அதை ஒட்டுங்கள். பழைய டிஸ்க்கைச் சுற்றி இருக்கும் தகரப் பிராக்கெட்டின் நான்கு ஸ்குரூவையும் கழற்றி இதில் மாட்டினாலும் ஆடாது. எதைத் தொடும் முன்னும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ரேம் டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்குங்கள், 'எல்' முக்கியம், அது 1.35 வோல்ட். வெறும் டிடிஆர்3 1.5 வோல்ட், உங்கள் லேப்டாப்பில் பெரும்பாலும் எடுக்காது. காலி ஸ்லாட் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.