பழனி மலையிலிருந்து தெற்கு வானம்: ஒமேகா சென்டாரியைப் பார்த்ததும் படமெடுத்ததும்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலையில், பூம்பாறையைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. அதன் புழக்கடையில் தொலைநோக்கி வைத்து வானம் பார்த்து வருபவன் என்ற முறையில், மலையில் வாழும் ஆர்வலர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: கருவியைத் தெற்கே திருப்புங்கள். நாம் படிக்கும் வழிகாட்டிப் பட்டியல்களில் பெரும்பாலானவை நமக்கு வெகு வடக்கேயுள்ள அட்சரேகைகளில் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்கு அடிவானத்துக்கு மேலே வராத பல அரிய பொருள்கள், 10 பாகை அட்சரேகையில் இருக்கும் நமக்கு வசதியான உயரத்துக்கு ஏறி வருகின்றன.

அவற்றுள் தலையாயது ஒமேகா சென்டாரி என்னும் கோளக் கொத்து, அதாவது பந்துபோல் திரண்டிருக்கும் நட்சத்திரக் கூட்டம். அதைத் தேடும் வழி மிக எளிது. சித்திரை நட்சத்திரம் (ஸ்பைகா), தலைக்கு மேலே வடக்கு தெற்காகச் செல்லும் உச்சிக்கோட்டுக்கு வரும் நேரத்தில், அதற்கு நேர் கீழே தெற்கு நோக்கி ஏறத்தாழ 36 பாகை இறங்கினால் மங்கலான ஒரு புள்ளி வெறும் கண்ணுக்கே தெரியும். எங்கள் பகுதியில் அது 32 பாகை உயரம் வரை ஏறுகிறது. டெல்லியில் 14 பாகைதான். மார்ச் மூன்றாம் வாரத்தில் இரவு இரண்டு மணியளவிலும், ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டியும் அது உச்சத்தில் இருக்கும்.

எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் நூறு மடங்கு உருப்பெருக்கத்தில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில், பக்கத்துப் பூண்டுத் தோட்டத்தின் பெரியவர் டார்ச் விளக்குடன் வந்தார். காட்டுப்பன்றியும் காட்டுமாடும் இறங்கும் பருவம் என்பதால் அவர் இரவெல்லாம் காவல் இருப்பவர். விளக்கை அணைக்கச் சொல்லி, கண் இருளுக்குப் பழகும்வரை சிறிது நேரம் உட்கார வைத்துவிட்டு, கண்ணருகு வில்லையில் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் அவர் தலையை எடுக்கவே இல்லை. "இம்புட்டும் நட்சத்திரமா தம்பி? ரவையை அள்ளி எறைச்சாப்புல இருக்கு. ஆனா நம்ம கண்ணுக்கு ஒத்தையாத்தானே தெரியுது?" என்று கேட்டார்.

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. பண்டைய வானியலாளர் தாலமி தம் நட்சத்திர அட்டவணையில் அதை ஒற்றை நட்சத்திரமாகத்தான் சேர்த்திருந்தார். 1603-இல் வான வரைபடம் வெளியிட்ட ஜெர்மானியர் பையர் அதற்கு ஒமேகா என்ற எழுத்தைக் கொடுத்ததும் நட்சத்திரம் என்று கருதித்தான். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து நோக்கிய எட்மண்ட் ஹாலிதான் அது நட்சத்திரம் அன்று என்று குறித்தார். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு கோடி நட்சத்திரங்கள் நெருங்கிக் கிடக்கும் கொத்து அது. நம் பால்வழி விழுங்கிவிட்ட ஒரு சிறு விண்மீன் மண்டலத்தின் எஞ்சிய நடுப்பகுதியாக அது இருக்கக்கூடும் என்று பல வானியலாளர்கள் கருதுகிறார்கள். ஹப்பிள் தொலைநோக்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்த படங்களை ஒப்பிட்டு, மையத்தில் மிக வேகமாக நகரும் ஏழு நட்சத்திரங்களை 2024-இல் அடையாளம் கண்டார்கள். அந்த வேகத்தை விளக்க வேண்டுமானால் சூரியனைப்போல் குறைந்தது 8,200 மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் மறுபடியும் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்; அன்றிரவு அவர் தோட்டத்துக்குத் திரும்பியபோது பொழுது விடியும் தறுவாய்.

பார்ப்பதைவிடப் படமெடுப்பது கடினம். தெற்கு வானத்தை நமக்குத் தரும் அதே தாழ்ந்த அட்சரேகைதான் இங்கே இடைஞ்சல் செய்கிறது. வானத்தின் சுழற்சியோடு தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கியான மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். அதுவோ இங்கே 10 பாகை உயரத்தில், எங்கள் வீட்டுக்கு வடக்கே நிற்கும் தைலமரங்களுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. ஆகவே, நட்சத்திரம் நகரும் திசையைப் பார்த்து அச்சைத் திருத்தும் நகர்வு முறையைக் கையாள்கிறேன். முன்னிரவில் ஓரியன் பட்டையின் மேற்கு முனையில் உள்ள மின்டகா, பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் வான நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், இதற்கு மிகப் பொருத்தம். அது உச்சிக்கோட்டருகே இருக்கும்போது கண்ணருகு வில்லையின் குறுக்குக்கோட்டில் வைத்துவிட்டுக் கவனிக்க வேண்டும்: தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே மிகுதியாகத் திரும்பியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. பிறகு கிழக்கில் தாழ்வாக உள்ள, நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டால், அது தெற்கே நகர்வது அச்சு தாழ்ந்திருப்பதையும் வடக்கே நகர்வது உயர்ந்திருப்பதையும் காட்டும். பொறுமையாகச் செய்தால், துருவ நட்சத்திரத்தைக் காணாமலே, கேமராவை ஒரு நிமிடம் திறந்து வைத்தாலும் நட்சத்திரங்கள் கோடாக நீளாமல் புள்ளியாகவே விழும்.

80 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, ஐ.எஸ்.ஓ. 800 என்ற ஒளியுணர்திறனில் ஒரு நிமிடப் படங்களாக எடுத்துப் பின்னர் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறேன். நான்கு மடங்கு படங்களை அடுக்கினால் படத்தில் மணல்போல் தெரியும் இரைச்சல் பாதியாகும் என்பதே அடுக்குவதன் அடிப்படை. இந்தக் கொத்துக்கு மட்டும் பத்து நொடிப் படங்களும் சில தேவைப்படுகின்றன. இல்லாவிட்டால் ஓரத்து மங்கலான நட்சத்திரங்கள் நன்றாக வந்தாலும் மையம் வெளுத்துப்போய் வெறும் வெண்திட்டாகிவிடும்.

மலையில் ஒளி மாசைவிட ஈரமே பெரிய எதிரி என்பது என் அனுபவம். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் ஈரக்காற்று மாலையில் மூடுபனியாகி வீட்டைச் சூழ்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பத்து மணிக்குமேல் அது பெரும்பாலும் பள்ளத்தாக்குக்கே இறங்கிவிடுவதால், எட்டு மணி வானத்தைப் பார்த்துவிட்டுக் கருவியை உள்ளே எடுத்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் திறந்த வானத்தை நோக்கியிருக்கும் கண்ணாடி தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால், அதன்மேல் பனித்துளி படியும். துணியால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் வெப்பப் பட்டையை முன்வில்லையைச் சுற்றிக் கட்டுவதும், யோகா பாயை உருட்டிக் குழாயின் முன்னால் நீட்டுவதும் போதும்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கும் கணக்கு ஏறத்தாழ இதுவே. உதகையில் ஒமேகா சென்டாரி 31 பாகை வரை ஏறும். மே மாதத்தில் அது பத்து மணிக்கே உச்சத்துக்கு வந்துவிடும் என்றாலும், கோடை மழை மேகம் குறுக்கிடுகிறது. ஆகவே மார்ச், ஏப்ரல் அமாவாசைகளே சிறந்தவை. கருவி வாங்குமுன் உங்கள் முற்றத்தில் தெற்கு நோக்கி நின்று, கையை முழுக்க நீட்டி, மூடிய முட்டியை அடிவானத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அளந்து பாருங்கள். ஒரு முட்டி ஏறத்தாழ 10 பாகை. மூன்று முட்டிக்குக் கீழேயே மலைமுகடும் மரங்களும் முடிந்துவிட்டால் இந்தக் கொத்து உங்களுக்குக் கிடைக்கும். இரண்டு முட்டிக்குக் கீழேயே முடிந்துவிட்டால், கொத்துக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் முன்னதாகவே உச்சிக்கோட்டைக் கடக்கும் கரினா நெபுலா என்னும் ஒளிரும் வாயு மேகமும் கிடைக்கும்.