மொழியை வைத்து ஒருவரின் சமயத்தைச் சொல்ல முடியுமா? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. இடைக்காலத் தமிழகத்தில் புலவர்கள் தேர்ந்தெடுத்த மொழி அவர்களுடைய சமயத்தைக் காட்டுகிறதா என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகரிடம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

திருவஹீந்திரபுரத்துப் பெருமாள் ஒருவரையே அவர் மூன்று மொழிகளில் பாடியிருக்கிறார். சமஸ்கிருதத்தில் தேவநாயக பஞ்சாசத், தமிழில் மும்மணிக்கோவை, பிராகிருதத்தில் அச்சுத சதகம். முதல் இரண்டும் சரி, உபய வேதாந்தம் (இரு வேதாந்தம்) என்று வடமொழி, தமிழ் இரண்டையும் போற்றிய மரபு அது. ஆனால் பிராகிருதம் ஏன்? சமண ஆகமங்களின் மொழி அது. வடமொழி நாடகங்களில் பெண்கள் பேசுவதும் அதில்தான். பெருமாள்மேல் காதல் கொண்ட பெண்ணின் குரலுக்காக எடுத்தாரா? இல்லை, இந்த மொழியும் எங்களுடையதுதான் என்று காட்டவா? எனக்கு முதல் காரணம்தான் வலுவாகப் படுகிறது.

தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையிலும் இதே சிக்கல். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குப் பிள்ளான் எழுதிய வைணவ உரையான ஆறாயிரப்படியும் அந்த நடைதான், சமணரின் ஸ்ரீபுராணமும் அந்த நடைதான். சைவத்துக்குள்ளேயே மொழி மாறுகிறது: 12-ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் வடமொழியில் எழுதினார். அடுத்த நூற்றாண்டிலேயே மெய்கண்டார் சிவஞானபோதத்தைத் தமிழில் தந்தார்.

அச்சுத சதகத்தை மூலத்தோடு படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெண் குரல் எந்தெந்தப் பாடல்களில் வெளிப்படையாகக் கேட்கிறது என்று சொன்னால் பெரிய உதவி. அப்புறம், ஸ்ரீபுராணத்தையும் ஆறாயிரப்படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், வடசொல் எந்த இடங்களில் கூடுகிறது என்று உங்களுக்குத் தோன்றியதை அவசியம் எழுதுங்கள்.